மண்ணுக்குப் போகாதவன்

செத்த சதையைக் கெடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முகப்பேரில் ஒரு பரிசோதனைக்கூடம். ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டுகள் டப்பா டப்பாவாக வரும். வந்ததும் ஃபார்மலினில் போடுவோம். அது உள்ளே இறங்கி, ஒரு புரதத்தை இன்னொரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் கட்டிப்போட்டுவிடும். கழுவிவிட அது மேலே ஒட்டும் பசையல்ல. அந்தப் புரதமே வேறாகிவிடும். கிருமி தின்ன வந்தாலும் பல் இறங்காது. சதை ரப்பர் மாதிரி விறைத்து, கொஞ்சம் சுருங்கி, பழுப்பாகி அப்படியே நின்றுவிடும். என் அண்ணன் நிர்மலையும் இப்படித்தான் செய்து அனுப்பினார்கள்.

வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போனவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், இருபத்தாறு வயதில் சாரத்திலிருந்து விழுந்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு. உள்ளே தகரம் வைத்துப் பற்றவைத்த பெட்டியில் எங்கள் ஊர் மேனாம்பேட்டுக்கு வந்து சேர்ந்தான். மேலே 'திறக்கக் கூடாது' என்று ஒரு சீட்டு. விமானத்தில் வரும்வரைக்கான எச்சரிக்கை அது என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சர்ச் பெரியவர்கள் கூடி, சீட்டே ஒட்டியிருக்கிறது, சீல் வேறு இருக்கிறது, நமக்கேன் வம்பு என்றார்கள். அப்பா பால்ராஜ் தலையாட்டினார். ஒரே ஒரு தடவை முகத்தைக் காட்டுங்கள் என்று அம்மா ஞானம்மாள் பெட்டியில் அறைந்து அறைந்து கேட்டாள். காட்டாமலே புதைத்தார்கள்.

அதனால் அம்மாவைப் பொறுத்தவரை நிர்மல் சாகவேயில்லை. எவனோ ஒருவனைப் பெட்டி மாற்றி அனுப்பிவிட்டார்கள், இவன் எங்கோ ஜெயிலிலோ பாலைவனத்திலோ மாட்டிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் அவனுக்குச் சட்டை எடுப்பாள். வயதாகிறதே, தொப்பை வைத்திருக்குமே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவாள். "பெத்த மனம் பித்து" என்று சொந்தக்காரர்கள் பரிதாபப்படுவார்கள். "பிள்ளை மனம் கல்லு" என்கிற மீதியை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிரில் இருக்கிற பிள்ளை நான். என் வீட்டுக்கு வந்து இரு என்றால், அவன் வந்து பூட்டின ஊட்டையா பார்ப்பான் என்பாள்.

போன மாதம் அப்பா இறந்தார். கரையான்சாவடிப் பக்கத்துக் கல்லறையில் புது இடம் கிடையாது. குடும்பக் குழியைத் திறந்து, பழைய எலும்புகளை ஒரு துணியில் மூட்டை கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, புதுப் பெட்டியை இறக்குவது வழக்கம். எங்கள் குழியில் கடைசியாக இறங்கியவன் நிர்மல். நான் எல்லோருக்கும் முந்திப் போய் நின்றேன். நிர்மலுக்கு முன்பல் ஒன்று கிரிக்கெட் பந்து பட்டுப் பாதி உடைந்திருக்கும். மண்டையோட்டில் அந்தப் பல்லைக் காட்டினால் அம்மாவால் மறுக்க முடியாது. அழட்டும், அழுது தீர்த்துவிட்டு என்னோடு வரட்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

குழி வெட்டும் துலுக்கானம் பாதியில் மேலேறி வந்தார். அவர் முகம் சரியில்லை.

"மூட்ட கட்றதுக்கு இன்னா கீது பாப்பா? ஆளு அப்டியே கீறாரு."

எட்டிப் பார்த்தேன். மரம் மக்கிப்போய், தகரம் ஒரு பக்கம் பிளந்திருந்தது. உள்ளே நிர்மல். முடி, மீசை, காது மடல், எதையும் மண் தொடவில்லை. கன்னம் மட்டும் ஒட்டி, பழைய செருப்புத்தோல் நிறத்தில் இருந்தது. பிண நாற்றம் இல்லை. என் பரிசோதனைக்கூடத்து வாசனைதான் லேசாக அடித்தது. தினம் என் விரல்களில் வீட்டுக்கு வரும் வாசனை. 

அவன் உதடுகள் மூடியிருந்தன. உடலைப் பதப்படுத்தும்போது உள்ளே தையல் போட்டு மூடிவிடுவார்கள். மக்கிப்போயிருந்தால் பல் தெரிந்திருக்கும்.

அதற்குள் அப்பாவின் வண்டி வந்துவிட்டது. அப்போதாவது நான் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கலாம். சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான் என் குணமாயிற்றே. அம்மாவின் கையைப் பிடித்துக் குழி ஓரத்துக்கு அழைத்து வந்து, பாரும்மா, நிர்மல், என்றேன்.

அவள் வெகு நேரம் பார்த்தாள். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"நிர்மலுக்கு முப்பத்தேழு ஆவுது," என்றாள். "இது சின்னப் பையன்டி."

ஃபார்மலின் என்று ஆரம்பித்தேன். அது வயதை நிறுத்திவிடும், சதையைச் சுருக்கிவிடும், நிறத்தை மாற்றிவிடும் என்றேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குத் தடங்கலில்லாமல் சொல்கிற பாடம் அது. அம்மாவிடம் நாக்கு குழறியது. வாயைத் திறந்து காட்டிவிட்டால் முடிந்தது விஷயம். விறைத்த உதடு கையால் பிரியாது, பிளேடு வேண்டும். இந்த மாதிரிச் சதையைத்தான் நாள் முழுக்க அறுக்கிறேன், கை கூசியதேயில்லை. துலுக்கானமும் என் முகத்தையே பார்த்தார். என்னால் முடியவில்லை. அவன் என் அண்ணன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ பெத்த புள்ளையோ. பொட்டி மாறிப்போச்சுனு நான் அன்னிக்கே சொன்னேன். அவ எந்த ஊருல காத்துகினு கீறாளோ."

 அம்மா சொன்னபடியே துலுக்கானம் அவனை அசைக்காமல், மேலே ஒரு அடுக்கு மண் தள்ளி, அப்பாவை இறக்கினார். அந்தப் பையனுக்கும் ஒரு துணை ஆச்சு என்றாள் அம்மா. போதகர் ஜெபித்து முடித்ததும் அப்பாவுக்கு ஒரு பிடி மண் போட்டாள். பிறகு குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள்.

"இது அந்தப் புள்ளைக்கு. பெத்தவளால வந்து போட முடியல பாரு."

போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீயும் போடு சுதா. ஒரு அக்கா போட்ட மாதிரி இருக்கட்டும்."

போட்டேன்.