குழாய்க்காரர் தனக்கே பார்த்த வேலை

எந்த வீட்டில் குழாய் அடைத்தாலும் குழாய்க்காரருக்குச் சந்தேகம் சுண்ணாம்பின் மேல்தான். உப்புத் தண்ணீர் ஓடிய குழாயை அறுத்தால் உள்ளே வெள்ளையாகப் படிந்திருக்கும். அதைச் சுரண்டியே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர் அவர். ஆகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்ட அன்று, டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்து, "சிறுநீரகத்துல கால்சியம் கல்லு" என்றதும், மீதியைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. நம்ம தொழில்தானே என்று எழுந்து வந்துவிட்டார்.

அன்றே வீட்டில் பாலுக்கும் தயிருக்கும் தடை போட்டார்.

"வெள்ளையா இருக்கிறதெல்லாம் சுண்ணாம்புதான்."

"அப்போ உங்க தலைமுடி?" என்று கேட்டாள் மனைவி.

அவளுக்கு எலும்பில் பலமில்லை. சும்மா கால் தடுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்து, கையில் கட்டோடு இருந்தாள். வாரத்துக்கு ஒரு பொட்டலம் என்று டாக்டரம்மா வைட்டமின் டி பொடி கொடுத்திருந்தார். கால்சியம் எலும்பில் சேர அது உதவும் என்று சொன்னது குழாய்க்காரர் மூளையில் போய் உட்கார்ந்துகொண்டது. கல்லாக நிற்கிற கால்சியத்தை எலும்புப் பக்கம் திருப்பிவிட்டால் அடைப்பு விட்டுப்போகாதா? அதுவும் வாரம் ஒரு தடவை என்ன கணக்கு? அடைப்பெடுக்க இறங்கினால் விடாமல் அடிக்க வேண்டாமா? தினமும் காலையில் மனைவி குளிக்கப் போனதும் அவளுடைய பொட்டலம் ஒன்று அவர் வயிற்றுக்குள் போனது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவர் கால் வைத்தியன்கூட இல்லை.

"இந்த வாரம் ஒண்ணுதானே போட்டேன்? டப்பா எப்படிக் காலியாச்சு?" என்றாள் மனைவி. புது டப்பா வாங்கினாள். அதுவும் கரைந்தது. ஒருநாள் அடுப்படியில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றார் குழாய்க்காரர். நின்றவர் சும்மா இருந்திருக்கலாம். "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்றார். அந்த வாயில் ஒரு அடைப்பு விழுந்திருக்கக் கூடாதா!

அதற்குப் பிறகு அவள் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். வழி தெரியாமல் போய்விடுமோ என்று கடைக்குத் தனியாகப் போவதை நிறுத்தினாள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு உறுத்தியது. கல் விழட்டும், சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினார்.

கல் விழவில்லை. வாந்தியும் தீராத தாகமும் வந்து, மறுபடி உருண்டார். மனைவிதான் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது. இன்னொரு கல்லும் முளைத்திருந்தது.

"இவர் பாலைக்கூடத் தொடுறதில்லைங்க. என்னையும் தொட விடுறதில்ல" என்றாள் மனைவி.

"பாலை யாரு நிறுத்தச் சொன்னா? சாப்பாட்டோட சேர்த்துக்கிட்டா கல்லு குறையத்தான் செய்யும். உங்க எலும்புக்கும் அது வேணும்." டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு ஏறணும்னா வைட்டமின் டியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டிருக்கணும். அளவு மீறினா கால்சியம் ரத்தத்துல ஏறி, சிறுநீர்ல இறங்கி, கல்லாகும். யார் கொடுத்தா உங்களுக்கு?"

குழாய்க்காரர் தரையைப் பார்த்தார். "யாரும் கொடுக்கல. அவளோட பொடி. நான்தான் தினம் எடுத்தேன்."

விழப்போகிற திட்டுக்கு அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். மனைவியோ டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்போ... அந்தப் பொடியை நான் மறந்து மறந்து தின்னுடலையா? என் தலைக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஒண்ணும் ஆகலம்மா."

கட்டுப் போட்ட கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடுவில் சிரிப்பும் வந்தது. குழாய்க்காரருக்கு இடுப்பு வலி மறந்துபோனது. அவள் தோளைத் தொடப் போனார்.

"சும்மா இருங்க" என்றாள். "நான் இன்னும் சந்தோஷப்பட்டே முடிக்கல. உங்களை அப்புறம் வச்சுக்கிறேன்."