மேலே வரவேண்டிய கம்பி

"கத்தரிக்கோல் எங்கே?" என்று அவள் மூன்றாவது தடவையாகக் கேட்டபோதுதான் கூடத்தில் பேச்சு நின்றது.

கூடத்து நடுவில் அவள் புருஷன் படுத்திருந்தார். வாசலில் வாடகை நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கும் சத்தம். அக்காதான் எழுந்து வந்தாள்.

"இப்ப எதுக்குடி அது? சித்த உக்காரேன்."

"கத்தரிக்கோல் கேட்டா கத்தரிக்கோல் குடு அக்கா."

கடைசியில் தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். முதலாளி அனுப்பிய மலர்வளையம் கால்மாட்டில் சாய்ந்திருந்தது. லாரிச் சக்கரம் அளவு. குறுக்கே ஊதா ரிப்பன், அதில் தங்க எழுத்து: 'எங்கள் மேஸ்திரிக்குக் கண்ணீர் அஞ்சலி.' ரிப்பனை இரண்டு பக்கமும் வெட்டினாள். மடித்தாள். அடுக்களைக்குப் போய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள்.

"ஏண்டி, பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பூவை நான் ஒண்ணும் பண்ணலை. பூ என்ன பண்ணுச்சு பாவம்."

அவர் மேஸ்திரி இல்லை என்று ஆகி ஐந்து மாதம் ஆகிறது. வீடு கட்டும் கான்ட்ராக்டர். சட்டைப்பையில் லைசென்ஸ் அட்டை. அந்த அட்டைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதித் தோற்று, மூன்றாவது தடவை தேறினார். எழுத்தைக் கண்டால் அவருக்குக் கண் கூசும். அவள் வாசிக்க வாசிக்க, பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு கேட்பார். "இதெல்லாம் எவன்டி எழுதினான், ஒரு நாள்கூட கலவைச் சட்டி தூக்காதவன்" என்பார். ஆனாலும் கேட்பார்.

பரீட்சையாவது தேவலை. அனுபவச் சான்றிதழ்தான் கழுத்தறுத்தது. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர், 'இவர் என்னிடம் வேலை பார்த்தார்' என்று கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் வேலை வாங்கிய முதலாளி, அந்த ஒரு கையெழுத்தை மூன்று வருஷம் இழுத்தடித்தார். போட்டபோதும் சும்மா போடவில்லை. தன்னுடைய மாடிக் கட்டிடம் முடிகிறவரை வந்து நிற்க வேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் போட்டார். அதனால் மனுஷன் விடியும் முன்னே தன் வேலைக்கு, எட்டு மணியிலிருந்து இருட்டுகிறவரை முதலாளி வேலைக்கு. ஐந்து மாதம். நேற்று மத்தியானம் முதலாளி கட்டிடத்து மூன்றாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

செத்தது கூட அவன் கட்டிடத்தில். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரவில்லை, பல்தான் நறநறத்தது.

முதலாளி வந்தார். கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் வீட்டுப் பிள்ளை மாதிரி வெச்சிருந்தேம்மா அவனை."

"பிள்ளைக்கு ஒரு கையெழுத்துப் போடவா மூணு வருஷம் ஆச்சு உங்களுக்கு?"

யாரோ இருமினார்கள். முதலாளி அதைக் காதில் வாங்காதவர் போல நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அடுத்த நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு டீச்சரம்மா. இவள் புருஷன் தன் லைசென்ஸில் எடுத்த முதல் வீடு, ஒரே வீடு, அந்த டீச்சருடையது. மேல்தளத்துக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. கான்கிரீட் போடுமுன் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்க வேண்டும்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரு," என்றார் முதலாளி, குரலைத் தாழ்த்தி. "லைசென்ஸ்காரன் இல்லைன்னா பர்மிட் ரத்து. டீச்சர் பயந்துபோய் இருக்காங்க. பிள்ளையும் இல்லாத வீடு, நீ தனியா என்ன பண்ணுவே? நான் என் பேர்ல எடுத்து முடிச்சுக் குடுத்துடறேன். ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டா போதும்."

"தாள் கொண்டாந்திருக்கீங்களா?"

"கார்ல இருக்கும்மா."

"பாத்தீங்களா! அவருக்குன்னா மூணு வருஷமா பேனா கிடைக்கலை. இதுக்குக் கார்லயே தாள்."

புருஷனின் தம்பி, கம்பி கட்டுகிறவன், சுவரோரம் நின்றிருந்தான். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்றே பெயர். "அண்ணி, பெரியவங்க சொல்றாங்க இல்ல..." என்று ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு சின்னவனே." டீச்சர் பக்கம் திரும்பினாள். "லைசென்ஸ் வெச்சிருக்கறவர் இறந்துட்டா, பாதியில நிக்கற வேலையை மட்டும் அவர் வாரிசு முடிச்சுக் குடுக்கலாம். எழுதித் தெரிவிக்கணும். பரீட்சைப் புத்தகத்துல பதினோராவது அத்தியாயம், கடைசிப் பக்கம். அவர் அதைத் தாண்டு தாண்டுன்னாரு, நான்தான் தாண்டலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து வண்டி வர்றதுக்குள்ள ஆபீசுக்குப் போய்க் கடிதம் குடுத்து முத்திரை வாங்கியாச்சு."

"அதான் காலைல இவளைக் காணோம்னு தேடினோமா!" என்று அக்கா வாயில் கை வைத்தாள்.

"புத்தகம் படிச்சா வீடு எழும்பாதும்மா," என்றார் முதலாளி.

"உங்களுக்கு எழும்பிச்சே. புத்தகமும் படிக்காம, கொத்துக் கரண்டியும் பிடிக்காம, அவரை வெச்சே எழுப்பினீங்களே."

டீச்சர் அவளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாருன்னு பாக்கலாம்," என்றார் மெல்ல. "சரின்னு சொல்லிட்டா நீங்களே முடிங்க. இல்லைன்னா... தப்பா நினைக்காதீங்க. எங்க ஆயுசுல ஒரு வீடு."

"நியாயம்," என்றாள் அவள்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் வேலையிடத்தில் நின்றாள். சின்னவனும் இரண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பத்து மணி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். கீழே பிடித்துக்கொண்டிருந்த ஆள், "பாத்துக்கா, பாத்துக்கா" என்று தன் பயத்தையெல்லாம் அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

பலகை மேல் விரித்த வலை மாதிரி கம்பிகள். டேப்பை நீட்டி இடைவெளி பார்த்தாள். கூடம் சரி. படுக்கையறை சரி. எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. பால்கனிக்கு வந்தாள். நின்றாள். குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

அறைத் தளத்துக்குப் பளு தாங்கும் கம்பி அடியில் வரவேண்டும். சுவரைத் தாண்டி அந்தரத்தில் நீளும் பால்கனிக்கு அது மேலே வரவேண்டும். இல்லாவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் பால்கனி முறிந்து தொங்கும். இந்தக் கேள்வியை அவள் நூறு தடவை வாசித்திருப்பாள். "இதுகூடத் தெரியாமலா கொத்து வேலை பாத்தேன்" என்று ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்திருக்கிறார்.

கம்பி அடியில் கிடந்தது. அறைக்குக் கட்டிக்கொண்டே வந்த அவர் கை, தூக்கக் கலக்கத்தில் அப்படியே பால்கனிக்கும் போயிருந்தது.

"சின்னவனே. இங்க வா. இது என்ன?"

அவன் வந்தான். கம்பியைப் பார்க்காமல் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"...நாலு நாளா."

"அவர் இருக்கறப்பவே."

"அண்ணன்கிட்ட நான் போய்த் தப்புன்னு எப்படி அண்ணி சொல்றது? எனக்குக் கம்பி பிடிக்கக் கத்துக்குடுத்ததே அவருதான். அவரே பாத்துச் சரி பண்ணிடுவாருன்னு இருந்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "விட்டுடுங்க அண்ணி. பால்கனியை யார் குனிஞ்சு பாக்கப் போறா? அண்ணன் கடைசியாக் கட்டினது. அதைப் பிரிக்க எனக்குக் கை வராது."

"ஆமாங்க்கா," என்றான் ஏணி ஆள். "அவர் கை பட்டது. அப்படியே கான்கிரீட்டுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும்."

"உள்ளதான் இருக்கும். டீச்சர் துணி காயப்போட வந்து நிக்கறப்ப வெளியே வரும்." அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. "மரியாதையாம் மரியாதை! நாலு நாளைக்கு முன்னாடி ஒரு வார்த்தை வாயைத் திறந்திருந்தா அதுடா மரியாதை. அஞ்சே மாசம் கான்ட்ராக்டரா இருந்தாரு. ஒரே ஒரு வீடு. அது உடைஞ்சு விழுந்தா, இவன் மேஸ்திரியாவே இருந்திருக்கலாம்னு அந்த ரிப்பன்காரன் ஊரைக் கூட்டிச் சொல்லுவான்."

அவள் கம்பிகளைப் பார்த்தே கத்தினாள்.

"ஒரு நாள் தூங்கியிருக்கலாமில்ல இந்த மனுஷன்! எழுப்பாதேன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல!"

கம்பி கட்டும் கொக்கி ஒன்று பலகை ஓரத்தில் கிடந்தது. எடுத்துக்கொண்டு பால்கனியில் மண்டியிட்டாள்.

கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய மெல்லிய கட்டுக்கம்பியின் முதல் முடிச்சு அவிழவில்லை. திருகத் திருக இறுகியது. சின்னவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பிறகு தானும் ஒரு கொக்கியோடு எதிரே உட்கார்ந்தான். அவனுக்கும் இறுகியது.

"அந்தப் பக்கம் இல்லை அண்ணி," என்றான். "அண்ணன் இடதுகைக்காரர். முறுக்கு எதிர்ப்பக்கமா இருக்கும்."

கொக்கியை அவள் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மணிக்கட்டைப் புரட்டினாள். முடிச்சு விட்டுக்கொடுத்தது.

ஒன்றுக்கு அடுத்து ஒன்று. ஆட்கள் இருவரும் அடிக்கம்பியை உருவி மேலே ஏற்றினார்கள், அது கீழே அமுங்காமல் இருக்க அடியில் முக்காலி போல வளைத்த கம்பிகளை நிறுத்தினார்கள். ஒன்பதரை மணிக்கு முக்கால் பங்கு முடிந்திருந்தபோது கீழே வண்டி வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால். டீச்சரும் கூடவே இறங்கினார்.

இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார். அவள் நீட்டிய முத்திரைக் கடிதத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கூடத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். பால்கனி ஓரத்தில் கத்தை கத்தையாகக் கிடந்த பழைய கட்டுக்கம்பியைப் பார்த்தார். ஏணியின் மேல்படியில் டீச்சரின் முகம் தெரிந்தது.

"ஏன், கட்டினதைப் பிரிச்சீங்களா?"

"பிரிச்சோம் சார். பளு தாங்கற கம்பி அடியில இருந்துச்சு. மேல மாத்திக்கிட்டிருக்கோம். இன்னும் கால் மணி."

"இவ்வளவு பெரிய தப்பு. யார் கட்டினது?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான் சார்," என்றான் சின்னவன்.

இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கம்பி கட்டறவன்னு சொல்லிக்காதே வெளியில," என்றார். கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். "முடிங்க. முடிச்சதும் பாத்துக் கையெழுத்துப் போடறேன்."

சின்னவன் தலையை நிமிர்த்தவில்லை. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு புதுக் கட்டுக்கம்பியில் ஒரு துண்டை நறுக்கி அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். இன்னும் பதினொரு முடிச்சு பாக்கி இருந்தது. அவள் இடது கையால் அடுத்ததை அவிழ்க்க ஆரம்பித்தாள்.