கேரியரில் ஒருவருக்குத்தான் இடம்

1

இந்தக் கதை என் எதிர்வீட்டில் நடந்தது. கேட்டு வாங்கியது பாதி, சன்னல் வழியாகப் பார்த்தது பாதி. முதலில் இப்படித் தொடங்கினேன்: "1993, ஆனி மாதம். மலையிலிருந்து இறங்கிய காற்று ராஜபாளையத்துத் தெருக்களில்..." இரண்டு பக்கத்துக்குக் காற்றுதான் வீசியது, ஆள் ஒருவரும் வரவில்லை. கிழித்துவிட்டேன்.

இப்போது வேறு தொடக்கம்: சோலைராஜுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா சைக்கிள் ஓட்டுவது.

2

சும்மா என்றால் நிஜமாகவே சும்மா. அவர் நூல்மில்லில் எலக்ட்ரீசியன். வாரம் ஆறு நாள் மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மிதிப்பார். அங்கே மடவார் வளாகத்தில் ஒரு டீ. பால்கோவாகூட வாங்காமல் திரும்பிவிடுவார். கல்யாணமான புதிதில் மனைவி வேலுத்தாய் தானும் வருவதாகச் சொன்னார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் சோலைராஜ். அந்த அடுத்த வாரம் இருபத்திரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

ஐம்பத்தொன்றாவது வயதில் அவருக்கு இடது முழங்கால் வீங்கியது. மிதிக்கவே கூடாது என்றார் டாக்டர். மூன்று ஞாயிறுகள் வீட்டில் கிடந்து, அடுப்படிவரை வந்து குழம்பில் உப்புப் பார்த்தார். நாலாவது ஞாயிறு வேலுத்தாயால் பொறுக்க முடியவில்லை.

"மில்லுல அம்புட்டு மோட்டார ஓட வைக்கிய. சைக்கிள்ல ஒண்ண மாட்ட முடியாதாக்கும்?" என்றார். செத்த நேரம் கழித்து, "மோட்டார்தான இழுக்கப் போவுது. இனி நானும் வரலாம்லா" என்றார்.

சரி என்றார் சோலைராஜ். இந்த முறை மனதாரச் சொன்னார்.

3

(அந்தக் காலத்தில் ஏது மின்சார சைக்கிள் என்று கேட்கிற வாசகருக்கு: கடையில் கிடையாதுதான். ஆனால் பழைய ஜீப்பின் டைனமோவுக்குக் கரண்ட் கொடுத்தால் அது மோட்டாராகச் சுற்றும். எனக்கும் எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும்.)

நண்பரின் வெல்டிங் பட்டறையில் இரண்டு மாதம் வேலை நடந்தது. பின்சக்கரத்தில் உரசும்படி டைனமோவைப் பொருத்தினார். ஹேண்டில்பாரில் சுவிட்ச். கரண்டுக்கு வாங்கிய வேன் பேட்டரிதான் எங்கேயும் அடங்கவில்லை. நடுவில் வைத்தால் முழங்கால் இடித்தது, முன்னால் மாட்டினால் ஹேண்டில் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் அருமையான ஓர் இடம் கிடைத்தது. தட்டு வைத்து வெல்டிங் செய்து இறுக்கிவிட்டார். பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தபோது கால்கள் சும்மா இருக்க, வண்டி தானாகப் போனது. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்றார்.

4

அந்த ஞாயிறு காலை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேலுத்தாய் பட்டுச்சேலை கட்டி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். பின்னால் கேரியரைப் பார்த்தார். சோலைராஜ் கண்டுபிடித்த அருமையான இடம் அதுதான். பேட்டரி அங்கே உட்கார்ந்திருந்தது.

"அவிய மொதல்லயே ஏறிக்கிட்டாவளா" என்றார் வேலுத்தாய்.

இரண்டு மாதம் அங்குலம் அங்குலமாக அளந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் முகம் இருண்ட... (வேண்டாம், அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு முகம் தெரியவில்லை.) சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

வேலுத்தாயை எப்படி எழுதுவது? கோபப்பட்டார் என்று ஒரு தடவை எழுதினேன். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. பெருந்தன்மையாகச் சிரித்தார் என்று எழுதினேன். என் எழுத்து எனக்கே பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் பார்த்து நான் சன்னலை விட்டு விலகிவிட்டேன். பார்க்கக் கூச்சமாக இருந்தது.

5

முடிவு (அ): வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு இருவரும் பஸ்ஸில் போகிறார்கள்.

முடிவு (ஆ): வேலுத்தாய் கேரியரில் ஏறி, பேட்டரியை மடியில் வைத்துக்கொள்கிறார். ஆசிட் சிந்தி பட்டுச்சேலை... ஐயோ, இது வேண்டவே வேண்டாம்.

எதற்கு வம்பு என்று போய்க் கேட்டேன். சோலைராஜ் மட்டும் இருந்தார். "நான் மட்டுந்தான் போனேன் தம்பி. அவளக் கூட்டிட்டுப் போகல. தப்பு எம்மேலதான். அத அப்படியே எழுதிருங்க" என்றார். எழுதினேன்.

மறுநாள் வேலுத்தாயைக் கேட்டேன். "கூட்டிட்டுப் போனாவளே. பேட்டரிய எப்படியோ நகட்டி வச்சு, என்னய உக்கார வச்சுத்தான் போனாவ. டீகூட வாங்கிக் குடுத்தாவ. அத நல்லா எழுதணும் தம்பி. அவியள யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது" என்றார்.

இரண்டில் ஒன்று பொய். எது என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றை எழுதினால் வேலுத்தாய் காப்பாற்றி வைத்த மரியாதை போய்விடும். மற்றதை எழுதினால், சோலைராஜ் இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்ட தப்பை அவர் கையிலிருந்து பிடுங்கியதாகும். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை.

எனவே வாசகரே, பிடித்த முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் எங்கள் தெருவுக்கு வந்தால் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்தான் என்னிடம் சொன்னார்கள்.