முடியளவு இடைவெளி

யாவுக்கோ ஊர் பில்லியர்ட்ஸ் அணியில் நாலு இடம். மூன்று நிரம்பிவிட்டது. அந்த நாலாவது இடத்துக்குத்தான் நெரைதாவும் புருனில்தாவும் சனிக்கிழமை மத்தியானம் எமெரித்தோவின் கிளப்பில் மோதிக்கொண்டிருந்தார்கள். தோற்றவள் வருடம் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

நெரைதாவுக்கு அது வெறும் இடமில்லை. போன வருடப் புயலில் பறந்துவந்த தகரம் அவளுடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. "இனி அவ அவ்வளவுதான்" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. கட்டட்டும், பார்த்துவிடலாம் என்று அவளும் வரிந்துகட்டினாள். நாலு மாதமாக, பேக்கரி வேலை முடிந்த கையோடு வந்து ஒரே அடியைத்தான் பழகினாள். மேசை ஓரத்து ரப்பரோடு பந்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைப்பாள். அதை ஓரத்தோடு ஓரமாகவே உருட்டி மூலைக் குழியில் தள்ளவேண்டும். வெள்ளைப் பந்து ரப்பரையும் அந்தப் பந்தையும் ஒரே நொடியில் தொட்டால்தான் அது நடக்கும். இல்லாவிட்டால் குழிவாயில் முட்டித் துள்ளிவிடும். முதல் மாதம் பத்துக்கு ஒன்று விழுந்தது, அதுவும் ஏதோ புண்ணியத்தில். இப்போது பத்துக்கு எட்டு. சும்மா வந்துவிடுமா? இடுப்பு ஒடிந்தது அவளுக்கல்லவா தெரியும்!

ஆளுக்கு எட்டு ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது, இதுதான் கடைசி. மிச்சமிருந்தது ஒன்பதாம் நம்பர் பந்து மட்டும், அதைக் குழியில் தள்ளுபவளுக்கு இடம். அது போய் உட்கார்ந்ததோ ஓரத்தில்.

"என்னடி, உன்னையே தேடி வந்துருக்கு!" நண்டு அடைத்த வடையைக் கடித்தபடி புருனில்தா சிரித்தாள். "இதுக்குத்தானே நாலு மாசமா தலைகீழா நின்ன?"

"வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசுடி."

நெரைதா குனிந்து பார்த்தாள். பந்து ரப்பரை ஒட்டியிருக்கிறதா, இல்லையா? தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தும் தெரியவில்லை. ஒட்டியிருந்தால் பழகிய அடி. முடியளவு விலகியிருந்தால் குறியே வேறு, வெள்ளை முதலில் பந்தைத்தான் தொடவேண்டும். அதை அவள் ஒருநாளும் பழகியதில்லை. பழகும்போதுதான் கட்டைவிரல் அழுத்திவிடுமே!

சந்தேகம் வந்தால் எதிராளியைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் அந்தக் கிளப்பில் வழக்கம். எதிராளி சொன்னால் சொன்னதுதான், யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆனால் புருனில்தா பொய் சொல்லிவிட்டால்? நெரைதாவுக்கு மனசு துணியவில்லை.

"எமெரித்தோ அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

கிளப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். புருனில்தா மெல்லுவதை நிறுத்தினாள்.

எமெரித்தோ வந்து நின்றவாக்கிலேயே எட்டிப் பார்த்தார். "ஒட்டித்தான் இருக்கு. அடி தாயி."

நெரைதா குறிபார்த்தாள். கியூ கோலைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நில்லுடி!"

புருனில்தா எழுந்து வந்து மண்டியிட்டு, ரப்பர் மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தாள். "ஒட்டல. முடியளவு இடைவெளி இருக்கு. அண்ணனுக்குப் பக்கத்துல வர்ற ஆளே தெரியாது, இதுல இது தெரியுமாக்கும்!"

"அடியே, நீ யாரு பக்கம்?" என்றார் எமெரித்தோ.

நெரைதா அவள் முகத்தையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் அவளுக்கு. மூடவில்லையே! நெரைதா கியூவை இம்மி நகர்த்தினாள். பழகாத குறிதான். அடித்தாள். ஒன்பது ஓரத்தோடு ஓரமாக ஓடி மூலைக் குழியில் விழுந்தது.

கிளப் முழுக்கக் கத்தியது. நெரைதாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

"சும்மா இருந்திருந்தா இடம் உனக்குடி."

"தெரியாமயா சொன்னேன்?"

"உன்னக் கூப்பிடாம அண்ணனக் கூப்பிட்டேனே..."

புருனில்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதான்டி வலிச்சுது. தோத்தது வலிக்கல."

நெரைதா அவளுடைய இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருக்கணும்டி," என்றாள்.