அறுந்த தோள்வார்

பயிற்சிப் பயணத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, கிடங்கில் கிடந்த பழைய முதுகுப்பைகளை எல்லாம் மனைவி அவருடைய கடையில் கொண்டுவந்து குவித்தாள். அவர் கார் சீட் உறை தைப்பவர். மனைவி நர்ஸ், ஓய்வு நாட்களில் பதின்வயதுப் பிள்ளைகளின் குழு ஒன்றை நடத்திவந்தாள். மலையேறி, கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கித் திரும்புவதுதான் பயணம். பிள்ளைகளுக்கு அவள் அக்கா. அக்கா புருஷன் என்பதால் அவர் மாமா.

"வாரெல்லாம் நைஞ்சு கிடக்கு. உறுதியா தைச்சுக் கொடுங்க. பசங்க முதுகுல ஏறப்போற சாமான்."

"பஸ் சீட்டே என் தையல்ல பிச்சுக்கிட்டதில்ல. பை என்ன பிரமாதம்?"

கடைசிப் பையைத் தைக்கும்போது நைலான் நூல் தீர்ந்துவிட்டது. வெளியே மழை கொட்டியது. எழுந்து போகச் சோம்பல். தலையணை உறைக்கு வைத்திருந்த சாதாரணப் பருத்தி நூலைக் கோத்து ஓட்டினார். நாளைக்குப் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர், மறுநாள் அதை மறந்தே போனார்.

அந்த வாரக் கடைசியில், சுமையோடு மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினார்கள் பிள்ளைகள். பை நிறையத் தண்ணீர் பாட்டில்களும் கூடாரத் துணியும். அவர் கீழே நின்று வார்களை இறுக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வயசுக்கு மீறிப் பேசுவதால் 'பெரியவர்' என்று பெயர் வாங்கியிருந்த பையன் முன்னால் இறங்க, அவனுக்குப் பின்னால் 'வால்' வந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கை சும்மா இருக்காது. அன்று காலையில்தான் வேறொருத்தியின் பையைப் பின்னாலிருந்து இழுத்து, அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பாதிப் படியில் பையனின் வார் படக்கென்று அறுந்தது. சுமை ஒருபக்கமாகச் சாய்க்க, உருண்டு வந்து கீழே விழுந்தான். எல்லோரும் நிமிர்ந்தபோது வாலின் கை முன்னால் நீண்டிருந்தது.

"பிடிக்கத்தான்க்கா போனேன்! சத்தியமா இழுக்கல!"

பையனுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. அட்டையை வைத்துக் கட்டியபடியே மனைவி வாலைப் பார்த்துச் சொன்னாள்: "உன் விளையாட்டுக்கு ஓர் அளவு வேணாம்? நீ மலைக்கு வரவேண்டாம். வீட்டுக்குப் போ."

பை அவர் கையில் இருந்தது. அறுந்த இடத்தில் பருத்தி நூலின் நுனிகள் பஞ்சாக நீட்டிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தார்.

"வண்டி கூப்பிடறேன்" என்றார்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த வாரைப் பிரித்து நைலான் நூலால் தைத்தார். துணுக்குகளைக் குப்பையில் போட்ட பிறகுதான், தான் தைத்தது பையை அல்ல, தன் குற்றத்துக்கு ஒரு மூடியை என்பது உறைத்தது.

சாப்பிடும்போது மனைவி கேட்டாள்: "அந்தப் பொண்ணை நினைச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா மலையில யாரையாவது இழுத்துத் தள்ளினா? நான் செஞ்சது சரிதானே?"

"ம்" என்றார்.

அடுத்து வந்த நாட்களில் ஊசி ஊசியாக முறித்தார். அவள் வால்தானே, இன்னொரு பயணம் வராமலா போகும். வெளியே தெரிந்தால் குழுவையே மூடிவிடுவார்கள். இப்படித் தனக்குத்தானே ஜால்ரா போட்டுப் பார்த்தார். தாளம் சேரவில்லை.

ஒரு மத்தியானம் வால் கடைக்கு வந்தாள். இரவல் வாங்கியிருந்த ஸ்லீப்பிங் பேகை மேஜைமேல் வைத்தாள்.

"அக்காகிட்ட கொடுத்துடுங்க மாமா." போகாமல் நின்றாள். "நீங்க கீழேதானே நின்னீங்க? நான் இழுத்தேனா?"

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"முதல்ல இழுக்கலைன்னு நல்லாத் தெரிஞ்சுது. எல்லாரும் சொல்லச் சொல்ல, கையில அந்தப் பை பட்ட மாதிரியே இருக்கு. இழுத்திருப்பேனோ? ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேளுங்கறாங்க அம்மா. கேட்டுடலாம்னு இருக்கேன்."

"கேட்காதே" என்றார். "நீ இழுக்கல. நூல் விட்டுடுச்சு. நான்தான் மட்டமான நூல்ல தைச்சேன்."

"எப்போ தெரிஞ்சுது?"

"அப்பவே."

"அக்கா என்னைத் திட்டும்போதா?"

"ஆமாம்மா."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. "நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா யாரும் நம்பமாட்டாங்க" என்றாள்.

கடையைச் சாத்திவிட்டு அவளோடு நடந்தார். குழு கூடும் கூடத்தில் மனைவியும் பிள்ளைகளும் கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரின் அப்பாவும் வந்திருந்தார். நூல் தீர்ந்தது, மழை என்று ஆரம்பித்தவர், மழையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது புரிந்து நிறுத்தினார்.

"தப்பு என்னோடது. பழி இவமேல விழுந்தப்போ வாயை மூடிக்கிட்டு நின்னேன். அப்புறம் யாருக்கும் தெரியாம பையைத் தைச்சு வெச்சேன்."

"இந்தப் பொண்ணு வீட்டு வாசல்ல போய்க் கத்திட்டு வந்தேனேய்யா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் பையனின் அப்பா.

மனைவி வாலின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "விசாரிக்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். மன்னிச்சிடும்மா. நீ வா, மலைக்கு." பிறகு எல்லாப் பைகளையும் தரையில் கொட்டினாள். "இதையெல்லாம் மறுபடி பார்க்கணும். வேற யாராவது பார்க்கட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவரிடம் பேசினாள். "நூலை மறந்தீங்க, சரி. மனுஷன் மறப்பான். நான் சரிதானேன்னு கேட்டப்போ 'ம்'ன்னீங்களே, அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"



பயணத்தன்று வேன் கிளம்பும்போது அவர் நடைபாதையில் நின்றார். பக்கத்தில் மாவுக்கட்டுக் கையோடு பெரியவர். ஜன்னலிலிருந்து வால் பையனைப் பார்த்துக் கையசைத்தாள். பார்வை அவரைத் தாண்டிப் போயிற்று.

"உங்களுக்கு டாட்டா காட்டல, பார்த்தீங்களா?" என்றான் பையன்.

"பார்த்தேன்."

"கொஞ்ச நாள்ல சரியாயிடுவா." வேன் திரும்பி மறையும்வரை யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஆகாமலும் போகலாம், மாமா."