பதினோரு மணி அந்தி

ஜினசேனன் நியூசிலாந்திலிருந்து திரும்பி வந்த மறுநாள், ஆடி வெயில் ஊரைப் போட்டு வறுத்துக்கொண்டிருக்கும்போது, காலை பதினோரு மணிக்கெல்லாம் அவன் ஒருவனுக்கு மட்டும் பொழுது சாய்ந்தது. கீழ்பென்னாத்தூர் சந்தைக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனைச் சுற்றி, கையை நீட்டினால் எட்டும் தூரத்துக்கு, வெளிச்சம் முதலில் மஞ்சளானது, பிறகு சிவந்தது, பிறகு இருட்டிவிட்டது. இருட்டு வந்ததும் கொசு வந்தது. மேய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு நேராகப் போய் அவன் காலடியில் அடைந்துகொண்டன. மூட்டை ஏற்றியவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், வண்டிக்கு நேரமாகிறது என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஊரடங்கிப் போன பிறகு அவனுக்கு விடிந்தது. மகன் படுத்திருந்த அறை ஜன்னலிலிருந்து முற்றத்தில் வெயில் விழுவதைப் பார்த்த அவன் அம்மா குணமதி, லைட்டை அணைக்காமல் தூங்குகிறானே, கரண்ட் பில் யார் கட்டுவது என்று திட்டினாள்.

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. அந்த நாட்டில் நமக்கு ஏழு மணி நேரம் முன்னாலேயே விடிந்து, முன்னாலேயே இருட்டிவிடும். ஆறு வருஷம் அங்கே ஆப்பிள் தோட்டத்தில் வேலை பார்த்தவன் உடம்பை மட்டும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தான். சூரியனும் கூடவே தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. ஊர்த் தண்ணீர் வயிற்றில் இறங்கினால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சளிக்கும் தேமலுக்கும் இதையேதான் சொல்வார்கள்.

ஆனால் அது சமணர்களின் ஊர். பொழுது சாய்ந்த பிறகு அங்கே யாரும் சோற்றில் கை வைப்பதில்லை. இருட்டில் பூச்சி விழுந்தால் தெரியாது, தெரியாமல் தின்றாலும் கொலை கொலைதான், விளக்கை ஏற்றி வைத்தால் இன்னும் பத்துப் பூச்சி வந்து விழும். அதனால் அந்திக்கு இரண்டு நாழிகை முன்பே இலையை எடுத்துவிடுவார்கள். காலையிலும் விடிந்து இரண்டு நாழிகை போன பிறகுதான் அடுப்படியில் தட்டுச் சத்தம் கேட்கும். ஜினசேனனுக்கு ஊரே மத்தியானச் சோறு வடிக்கும் நேரத்தில் அந்தி. ஆறு வருஷம் கழித்து வந்த பிள்ளைக்குக் குணமதி செய்து வைத்த வாழைப்பூ வடையும் புடலங்காய்க் கூட்டும் அவன் கண்ணெதிரே ஆறிக் கிடந்தன. எதிர்ச் சுவரில் வெயில் கொளுத்துகிறதே, அதைப் பார்த்துச் சாப்பிடேன் என்றார்கள் சிலர். அவன் தன் கையைத் தூக்கிக் காட்டினான். கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

இதெல்லாம் யாரால் வந்தது என்று ஒருத்திக்குத் தெரியும். அவள் சுருதி, குணமதியின் அண்ணன் மகள், ஜினசேனனுக்கு நிச்சயம் செய்த பெண். அவன் நியூசிலாந்துக்குப் புறப்பட்ட வாரத்தில், அங்கே ராத்திரி எட்டு மணிக்குத்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முதலில் ராத்திரியில் சாப்பிடுவான், பிறகு எதையாவது சாப்பிடுவான், பிறகு யாரோடாவது சாப்பிடுவான். அவளுடைய பயம் எல்லாம் அந்தக் கடைசியைப் பற்றித்தான். அதனால் அவனை ஊர்க் கோயிலுக்கு இழுத்துப்போய், ஆதிநாதர் முன்னால் நிறுத்தி விரதம் எடுக்க வைத்தாள். இனிமேல் அந்த ஊர்ச் சூரியன்தான் என் சூரியன், அது மறைந்தால் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டேன் என்று அவன் சொன்னான். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டார் பூசை செய்யும் உபாத்தியாயர். சமண விரதங்களில் கெடு வைத்து எடுப்பது ஒன்று, ஆயுளுக்கும் எடுப்பது ஒன்று. திரும்பி வரும் வரைக்கும் என்று சொல்லச் சொல்லி அவர் எடுத்துக்கொடுத்தார். சுருதி கேட்கவில்லை. கெடு வைத்தால் அதில் ஓட்டை இருக்கும் என்று அவள் நினைத்தாள். உயிர் இருக்கும் வரைக்கும் என்று சொல்லவைத்துவிட்டுத்தான் அவனைப் பஸ் ஏற்றினாள். சூரியன் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

அவர்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. ஆறு வருஷமும் போனில் பேசிப் பேசித் தீட்டிய திட்டம். திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம், ஒரு வீட்டை லீசுக்கு எடுப்பது. முன்னால் மத்தியானச் சாப்பாட்டு மெஸ், பின்னால் குடித்தனம். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது; கடைசிப் பந்தி முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மீதமிருப்பதைச் சாப்பிடுவது. சுருதி அந்தக் கடைசிப் பகுதியைத்தான் அடிக்கடி சொல்லச் சொல்வாள். சாம்பார் மிஞ்சுமா, ரசம்தான் மிஞ்சுமா என்று கடல் தாண்டி அவர்கள் சண்டைகூடப் போட்டிருக்கிறார்கள்.

வீடு ரபீக் பாயுடையது. மெத்தைக் கடை வைத்திருக்கும் மனிதர்; மூன்று தலைமுறையாகச் செங்கம் ரோட்டுக்காரர். முன்பணம் கொடுக்கப் போனபோதே ஜினசேனனுக்கு அந்தி விழுந்துவிட்டது. பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, இன்னா தம்பி இது! நோன்பு மாசத்துல நம்ம வூட்டாண்ட வந்து குந்திக்க. பதினோரு மணிக்கே நோன்பு தொறந்துடலாம்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி கைசர் ஜஹான், "அல்லாவுக்கு அவ்ளோகூடத் தெரியாதா? வாயை மூடுங்க" என்று அதட்டினாள். இருந்தாலும் பாய் லீசுப் பணத்தில் கொஞ்சம் கம்மி பண்ணிக்கொண்டார்.

நம்பிக்கை என்று ஒன்று வந்ததும் உண்மை, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆவணியில் அவனுடைய அந்தி சற்றுத் தள்ளிப் போனது. ஐப்பசியில் நடுப்பகலைத் தாண்டியது. தீபத்துக்கு ஊரெல்லாம் கூட்டம் அலைமோதிய கார்த்திகையில் ஒரு மணி வரைக்கும் அவன் மேல் வெயில் இருந்தது. மார்கழியில் இன்னும் கொஞ்சம். பையன் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு வந்துகொண்டிருக்கிறான் என்று குணமதி எல்லோரிடமும் சொன்னாள். இந்தக் கணக்கில் போனால் ஆடிக்குள் முழுசாக வந்து சேர்ந்துவிடுவான் என்று சுருதி தினமும் சுவரில் நிழலைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். தையில் கல்யாணம் நடந்தது, அதே மாதம் மெஸ்ஸும் திறந்தது. முதல் பந்தியில் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இலையில், ஒரே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சுருதி மூன்று தடவை பாயசம் வாங்கினாள். அவள் அவ்வளவு சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

மாசியில் அந்தி திரும்ப முன்னால் நகர்ந்தது. பங்குனியில் நடுப்பகலுக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் ஜினசேனன் மெதுவாகச் சொன்னான்: அந்த நாட்டில் மார்கழிதான் கோடை, ஆடிதான் குளிர், கோடையில் அங்கே பொழுது நீளும், குளிரில் குறுகும். அவன் ஊருக்கு வந்துகொண்டிருக்கவில்லை. அங்கே கோடை வந்து போனது, அவ்வளவுதான். இதை நிச்சயமாக அவன் முன்பே அறிந்திருந்தான். "நீ சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான். சுருதி அன்றைக்கு அழுதாள். அடுப்படியில் நின்று, காய் நறுக்கிக்கொண்டே, சத்தமாக அழுதாள். வாடிக்கையாளர்கள் வெங்காயம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த மெஸ்ஸில் வெங்காயமே கிடையாது.

மெஸ் நன்றாகத்தான் ஓடியது, காலை டிபனையும் சேர்த்துக்கொண்டார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் ஜினசேனன் தன் வெயிலில் எழுந்து காய் நறுக்கி, மாவு கரைத்து, பாத்திரம் எல்லாவற்றையும் காயவைத்துவிடுவான். விடிந்ததும் சுருதி எழுந்து சமையலைக் கையில் எடுத்துக்கொள்வாள். காலை டிபன் ஒன்றுதான் இருவரும் சேர்ந்து சாப்பிடுவது. அதுவும் அவளுக்குக் காலை, அவனுக்கு அது நாளின் கடைசிச் சாப்பாடு. அவள் பந்தி பரிமாறும்போது அவன் கொசுவலைக்குள் தன் இருட்டைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பான். வெளிநாட்டுக்காரர்கள் சிலர் அந்தப் பகல் இருட்டைக் கேள்விப்பட்டுத் தியானம் செய்ய வந்தார்கள். கொசு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். கடைசிப் பந்தி முடிந்த பிறகு சுருதி தனியாக உட்கார்ந்து மீந்ததைச் சாப்பிட்டாள். பெரும்பாலும் ரசம்தான் மிஞ்சியது. போனில் போட்ட சண்டையில் அவன் சொன்னதுதான் சரி என்று அவனிடம் சொல்ல நினைப்பாள். அவன் எழுந்திருக்கும் நேரத்தில் அவள் தூங்கிப்போயிருப்பாள், விடிந்தால் வேலையில் மறந்துபோகும்.

விரதத்தை விட்டுவிடுவதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார்கள். "நீ எடுக்க வெச்சது. நீ விடுன்னு சொன்னா விட்டுடறேன்" என்றான் அவன். சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவன் தொடர்ந்து சொன்னான்: "குளுருல அஞ்சு மணிக்கே இருட்டிடும். வேலை வுட்டு ரூமுக்கு வர்றதுக்குள்ள பொழுது போயிடும். கூட இருக்கறவனுங்க சுடச்சுடச் சாப்புடுவானுங்க. நான் போத்திக்கினு படுத்துப்பேன். அத்தினி வருசத்துல ஒனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான் சுருதி." திறந்த வாயை அவள் மூடிக்கொண்டாள். அதற்கு மேல் எந்தப் பெண்ணால் விடு என்று சொல்ல முடியும்?

அதனால் அவள் வேறு வழி கண்டுபிடித்தாள். அவன் இங்கே வர முடியாவிட்டால் தான் அங்கே போய்விடுவது. இரண்டாம் வருஷம் ஆடியில், அவனிடம் சொல்லாமல், காலை பஸ் பிடித்து ஊர்க் கோயிலுக்குப் போய் ஆதிநாதர் முன்னால் நின்றாள். தானும் புருஷனுடைய சூரியனையே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். உபாத்தியாயர் தயங்கினார். "கண்ணால பாக்காத சூரியனுக்கு எப்படிம்மா விரதம் எடுப்பே?" என்று கேட்டார்.

"பாக்காம இன்னா? ஆறு வருசமா தெனமும் பாத்துக்கினுதானே இருந்தேன்" என்றாள் சுருதி.

பார்த்தது நிஜம்தான். அந்த ஆறு வருஷமும் அவள் திருவண்ணாமலை டவுனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவாள். பின் கண்ணாடியில் மலை தெரியும், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவது தெரியும். போய்ட்டு வா, அவரைப் பார்த்துக்கோ என்று தினமும் அதை அனுப்பி வைப்பாள். படித்த பெண், பூமி எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டால் படம் போட்டுக் காட்டுவாள். ஏக்கத்துக்கு அந்தப் படமெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கிறது? நம்மை விட்டுப் போனவர்கள் எல்லாம் சூரியன் போகும் பக்கம்தான் போனார்கள் என்று மனசு எடுத்துக்கொள்கிறது. நான் பார்த்துப் பார்த்து அனுப்பிய அந்தச் சூரியன்தான் இனி என் சூரியன், அவருக்கு எவ்வளவு காலமோ எனக்கும் அவ்வளவு காலம் என்று அவள் சொன்னாள். இந்தத் தடவையும் சூரியன் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டது.

மறுநாள் அவளுக்கு விடியவில்லை. செங்கம் ரோட்டில் பால் வண்டி போனது, ஆசிரமத்து மயில்கள் கத்தின, ரபீக் பாய் கடை ஷட்டரைத் தூக்கினார். சுருதி மட்டும் கை நீளத்து இருட்டுக்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தன் பிற்பகல் வெயிலில் நின்று இட்லி ஊற்றிக்கொண்டிருந்த ஜினசேனன் திரும்பிப் பார்த்தான். அவளைக் காணவில்லை, அவள் இருந்த இடத்தில் ராத்திரி இருந்தது. அவன் போய் அதற்குள் கையை விட்டு அவள் தோளைத் தொட்டான். தொட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் பட்டது. அவள் விரதம் எடுத்ததைச் சொன்னாள், எந்தச் சூரியனை என்றும் சொன்னாள். வாடிக்கையாளர்கள் இட்லி கேட்டுக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை.

"நான் இருந்தது கெழக்கால சுருதி" என்றான்.

அவன் சூரியன் ஏழு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, மேற்கே அனுப்பிய அவள் சூரியன் ஏழு மணி நேரம் பின்னால் வருகிறது. பத்தரைக்கெல்லாம் அவனுக்கு அந்தி விழுந்தது. பிறகு நெடுநேரம் இருவருக்கும் இருட்டாகவே இருந்தது. ஊர் உச்சி வெயிலில் நிற்கும் நேரத்தில் அவளுக்குக் கிழக்கு வெளுத்தது. அவளைப் பார்க்கக்கூட முடியாமல் அதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

அப்புறம் வருஷங்கள் போயின. அவனுடைய சாப்பாடு முடிந்த பிறகுதான் அவளுக்கு விடிகிறது, அவள் சாப்பிடும்போது அவன் தூங்குகிறான். காலை டிபன் என்று இருந்த ஒன்றும் போயிற்று. குழந்தை வேண்டும் என்று பேசினார்கள், அது யாருடைய வெயிலில் வளரும் என்று தெரியாமல் பேச்சை விட்டுவிட்டார்கள். குணமதி இரண்டு தடவை உபாத்தியாயரிடம் போய்ச் சண்டை போட்டாள், மூன்றாவது தடவை போகவில்லை. மெஸ்ஸுக்கு இப்போது நல்ல பெயர். காலை டிபனுக்கு அவன், மத்தியானத்துக்கும் சாயங்காலத்துக்கும் அவள். இரண்டு ஷிப்டு வேலை என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மார்கழி வந்தால் மட்டும் அவனுடைய அந்தி தள்ளிப்போய் அவளுடைய விடியலைத் தொடும். கொஞ்ச நேரம், சோறு ஒரு கொதி வரும் அளவுக்கு, அவன் மேல் மஞ்சள் வெயிலும் அவள் மேல் வெள்ளை வெயிலும் சேர்ந்து விழும். அவனுக்கு அந்திக்கு முன் இரண்டு நாழிகை, அவளுக்கு விடியலுக்குப் பின் இரண்டு நாழிகை. கணக்குப் பார்த்தால் அந்த நேரத்தில் இருவருமே எதையும் வாயில் போடக்கூடாது. அதனால் வாசலில் இரண்டு ஸ்டூல் போட்டு எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று என்ன மிஞ்சியது என்று அவன் கேட்கிறான். ரசம் என்று அவள் சொல்கிறாள். எதிர்ச் சாரியில் ரபீக் பாய், "ரெண்டு பேரும் குந்திட்டாங்க, மணி ஒண்ணாயிடுச்சு" என்று கடைப் பையனைச் சாப்பிட அனுப்புகிறார்.