அடிவயிற்று நீலம்

எட்டு மணி நேரம் காருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் பெயிண்ட் அடிக்கிறானே, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பென்னலூரில் யாக்கோபைக் கேலி பேசாதவர்கள் குறைவு. இருங்காட்டுக்கோட்டை ஆலையில் அவனுக்குப் பெயிண்ட் ஷாப் வேலை. வீட்டில் முழங்கை நீளத்துக்குப் பொம்மை விமானங்கள் செய்வான். பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை முறிந்தது. 'மாடல்' என்று சொல்ல வேண்டும்.

இந்தத் தடவை யாரும் கேலி பேசவில்லை. அவன் செய்துகொண்டிருந்தது, தம்பி சாலமோன் கடைசியாக ஏறிப்போன விமானப்படைச் சரக்கு விமானம். வடகிழக்கு மலைக்காட்டில் விழுந்த அது, தேடிப் போனவர்கள் நேர் மேலேயே பலமுறை பறந்தும் கண்ணில் படாமல் கிடந்தது. கடைசியில் ஆணி அடித்த பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அம்மா ஞானம்மா மகன் பெயரை வாயெடுத்துச் சொன்னதில்லை, அழுததும் இல்லை. நாளைக்கு முதலாண்டு நினைவு ஜெபம். இந்த விமானத்தைப் பார்த்தாவது அம்மா வாய்விட்டு அழுதால் போதும் என்றிருந்தது யாக்கோபுக்கு.

வயிற்றுப் பக்கம் வெளிர்நீலம் அடித்துக் காயவிட்டு, வேறு நிறம் அதில் படாதபடி மஞ்சள் டேப்பால் முழுக்க மூடியிருந்தான். முதுகில் மண் நிறம். அதன் மேல் டேப்பை வளைவு வளைவாக வெட்டி ஒட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஏர்பிரஷ்ஷால் கரும்பச்சையைத் தூவினான். காய்ந்தபின் முதுகு டேப்பை உரித்தால் பச்சையும் மண்ணும் அச்சு அசலாய் நின்றன. ஒரு பிசிறில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அம்மா எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"இன்னாடா இது, திட்டுத் திட்டா கீது?"

கேட்டுவிட்டாளே என்ற ஆசையில் அவன் மடமடவென்று சொன்னான். "எதிரி கண்ணுல படக்கூடாதுன்னு தாம்மா. மேலேர்ந்து பாத்தா காடு மாரி தெரியும்." வாலடியில் மஞ்சள் டேப்பைக் கொஞ்சம் பிரித்து நீலத்தைக் காட்டினான். "கீழேர்ந்து பாத்தா வானம் மாரி."

ஞானம்மா குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"அப்போ பெத்தவ எங்கேர்ந்துடா பாக்கறது?"

யாக்கோபுக்கு அப்போதுதான் உறைத்தது. தேடிப் போனவர்களின் கண்ணைக் கட்டியது இதே பச்சைதான். ஆறு மாதமாய்ப் போட்டோ போட்டோவாகப் பார்த்து அவன் சரியாக்கியது அதைத்தான்.

"வேற கலர் அடிச்சிடறேம்மா."

"வாணாம்." அவள் விமானத்தின் வயிற்றைத் தொட்டாள். "இந்த மஞ்சளப் பிரிக்காத. இது தெரியுது."

நாள்பட்டால் டேப்பின் பசை ஊறி, அடியிலிருக்கும் பெயிண்ட்டையே பெயர்த்துவிடும். அதை அவன் சொல்லவில்லை. பிரித்த இடத்தை விரலால் நீவி மறுபடி ஒட்டினான். கம்பி கட்டி ஹால் கொக்கியில் மாட்டினான்.

ஞானம்மா அதற்கு நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ சாலமோனு" என்று கூப்பிட்டாள். மாடியில் வாடகைக்கு இருந்த ஷிப்ட் பையன்கள் தூக்கம் கலைந்து இறங்கி வரும் அளவுக்குச் சத்தமாய்க் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள்.